லிப்பிடின் வடிவம், வெசிக்கிளின் பிறப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி என்று எல்லையின் இரு புறமும் உயிர்வேதியியலோ விலங்கியலோ படிக்கிற பிள்ளைகள் மாறி மாறிக் கேட்கிற கேள்விகள் இவை. பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அடிப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு: லிப்பிடு என்றால் இங்கே செல்லின் சவ்வைக் கட்டுகிற கொழுப்பு மூலக்கூறு, அதன் தலை தண்ணீரை விரும்பும், வால் தண்ணீரை வெறுக்கும். தலைகள் வெளியே, வால்கள் உள்ளே என்று அது இரண்டு அடுக்காக நிற்பது ஈரடுக்கு, அந்த ஈரடுக்கு மூடிக்கொண்டு ஆன சிறு பை வெசிக்கிள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ‘கழுத்து’ பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

லிப்பிடுக்கு வடிவம் என்றால் என்ன சார்? அது சும்மா ஆடிக்கொண்டே இருக்கிற மூலக்கூறுதானே?

ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால்தான் படத்தில் வரைகிற தலையும் இரண்டு வாலும் வடிவம் ஆகிவிடாது. வடிவம் என்று நாம் சொல்வது, அது ஆடுகிற ஆட்டத்தில் சராசரியாகப் பிடித்துக்கொள்கிற இடத்தை. தலை எவ்வளவு தண்ணீரைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, பக்கத்துத் தலையோடு மின்னூட்டத்தால் எவ்வளவு தள்ளிக்கொள்கிறது, வால்கள் எவ்வளவு நெளிகின்றன, இத்தனையும் சேர்ந்த கணக்கு அது.

பழைய வட்டக் கிணறுகளில் ஒரு முனை அகலமாகவும் மறு முனை குறுகலாகவும் இருக்கிற செங்கல்லை அடுக்கியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கல்லிலேயே வளைவு இருப்பதால் சுவர் வட்டமாகத்தான் வரும். லிப்பிடிலும் அப்படித்தான், ஒரு பெரிய வித்தியாசத்தோடு: செங்கல் ஒரு தடவை சுட்டால் சுட்டதுதான். லிப்பிடின் வடிவமோ சூடு, உப்பு, அமிலத்தன்மை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்து மாறும்.

எந்த லிப்பிடுக்கு எந்த வடிவம்?

பாஸ்பாடிடைல்கோலின், சுருக்கமாக பிசி, ஏறக்குறைய உருளை. தலையும் வால்களும் சம அகலம். ஸ்பிங்கோமையலினும் இதே வகையறாதான்.

பாஸ்பாடிடைல்எத்தனோலமைன், அதாவது பிஇ, தலை சிறுத்தது, வால் விரிந்தது. டைஅசைல்கிளிசராலுக்குத் தலை என்று சொல்லவே ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு ஓஎச் தொகுதி மட்டும், அதனால் அது இந்த வகையில் உச்சம். பாஸ்பாடிடிக் அமிலம், செராமைடு, நான்கு வால் உள்ள கார்டியோலிப்பின் (கால்சியம் சேரும்போது இன்னும் அதிகமாக) எல்லாம் இதே பக்கம்.

எதிர்ப் பக்கத்தில் லைசோ லிப்பிடுகள். ஒரு வால் வெட்டப்பட்டுப் போனதால் தலை பெரிது, வால் ஒடுக்கம். பல பாஸ்பேட் ஏறிய இனோசிட்டால் லிப்பிடுகளுக்கும் தலை பெரிது.

கூம்பு, தலைகீழ்க் கூம்பு என்று புத்தகங்கள் சொல்வதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. அதனால் நான் ‘தலை சிறுத்தது’, ‘தலை பெருத்தது’ என்றே எழுதுகிறேன், நீங்களும் விடைத்தாளில் அப்படி எழுதினால் யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

‘பேக்கிங் பாராமீட்டர்’ என்று ஒரு சூத்திரம் வருகிறதே, அதை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள் அண்ணா.

சரி. 1976-இல் இஸ்ரயேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் கொடுத்தது. வாலின் கன அளவை எடுத்துக்கொண்டு, தலையின் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

16 கார்பன் உள்ள ஒரு வாலின் கன அளவு ஏறத்தாழ 0.458 கன நானோமீட்டர், முழுக்க நீட்டினால் நீளம் 2.17 நானோமீட்டர். இரண்டும் டான்ஃபோர்டின் சூத்திரத்திலிருந்து வருபவை. தலைக்கு 0.65 சதுர நானோமீட்டர் வைத்துக்கொள்வோம், பிசி-க்கு அது நியாயமான அளவு. இரண்டு வால் என்றால் 0.916-ஐ 1.41-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.65. இப்போது அதே தலையில் ஒரு வாலை மட்டும் விட்டுவையுங்கள்: 0.458-ஐ 1.41-ஆல் வகுத்தால் 0.32.

மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் உருண்டை மிசெல், அதாவது வால்களெல்லாம் நடுவில் சேர்ந்த ஒற்றை அடுக்கு உருண்டை. அங்கிருந்து அரை வரை நீள உருளை மிசெல். அரையிலிருந்து ஒன்று வரை, வளையக்கூடிய ஈரடுக்கு, அதாவது வெசிக்கிள். ஒன்றை ஒட்டினால் தட்டையான ஈரடுக்கு, ஒன்றைத் தாண்டினால் உள்ளே வெளியே மாறிய தலைகீழ் அமைப்புகள். ஒரே ஒரு வால் போனதில் 0.65-இலிருந்து 0.32-க்கு இறங்கி, வெசிக்கிள் கட்டுகிற மூலக்கூறு மிசெல் கட்டுகிற மூலக்கூறாகிவிட்டது பாருங்கள். இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

அப்படியானால் தலை சிறுத்த லிப்பிடுதான் நன்றாக வளையும், அதுதான் வெசிக்கிள் செய்யும், சரியா?

தப்பு. பிஇ வகையை மட்டும் தனியாகத் தண்ணீரில் போட்டால் வெசிக்கிள் லேசில் வராது. இரண்டு வாலிலும் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பு உள்ள டிஓபிஇ அறை வெப்பநிலையிலேயே தலைகளை உள்ளே வைத்து, நடுவில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற மாதிரி உருளைகளாகச் சுருண்டு, அறுகோண ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும். அதன் இயல்பான வளைவு ஆரம் 3 நானோமீட்டர்தான். அத்தனை இறுக்கமாக வளைய ஆசைப்படுவது ஈரடுக்குக்குள் உட்கார வைக்கப்படும்போது தன் ஆசையை அடக்கிக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் நம் வயலிலேயே இருக்கிறது. நெல் இலையின் பச்சையத் தட்டுகளில் உள்ள லிப்பிடில் பாதி அளவுக்கு ஒற்றைக் காலக்டோஸ் தலை உள்ள எம்ஜிடிஜி. தனியாக எடுத்தால் அதுவும் ஈரடுக்கு கட்டாது. ஆனால் இலைக்குள் புரதத்தோடும் மற்ற லிப்பிடுகளோடும் சேர்ந்து தட்டுத் தட்டாக அழகாக நிற்கிறது. ‘ஈரடுக்கு கட்டாத லிப்பிடு சவ்வில் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு, உலகத்தில் உள்ள பச்சை இலையெல்லாம் பதில் சொல்லும்.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி நிறைவுற்றவை, நேராக நிற்பவை, ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். அதனால் 24 டிகிரி வாக்கில் கெட்டியாகிவிடுகிறது. நல்லெண்ணெய் அப்படி ஆவதில்லை, அதன் வால்களில் சிஸ் இரட்டைப் பிணைப்பு உண்டு, அந்த இடத்தில் வால் ஒடிந்து நிற்கும்.

எண்ணெயில் சவ்வு கிடையாது, ஆனால் வால் அதே வால்தான். சவ்வில் அந்த ஒடிவு வாலை விரியச் செய்து லிப்பிடின் வடிவத்தையே மாற்றும். பிஇ-இல் ஒரு வால் மட்டும் ஒடிந்த பிஓபிஇ தலைகீழ் உருளையாக மாற 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இரண்டு வாலும் ஒடிந்த டிஓபிஇ அறைச் சூட்டிலேயே மாறிவிடும். ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு செய்கிற வேலை அது. சூடு ஏறினாலும் வால்கள் நெளிந்து விரியும். அதனால்தான் குளிரிலும் வெயிலிலும் வளர்கிற பாக்டீரியா தன் வால்களின் கலவையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மார்ச் ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற நம் பாலக்காட்டுக் கணவாய் ஊர்களில் மண்ணில் வாழ்கிற கிருமிக்கு இது சும்மா பாடமல்ல, பிழைப்பு.

வெசிக்கிளில் உள்ளே எத்தனை லிப்பிடு, வெளியே எத்தனை?

நரம்பு முனையில் உள்ள வெசிக்கிள் சுமார் 40 நானோமீட்டர் குறுக்களவு. வெளிப்பக்க ஆரம் 20, சவ்வின் தடிமன் 4 என்றால் உட்பக்க ஆரம் 16. பரப்பு விகிதம் 20-இன் வர்க்கத்தை 16-இன் வர்க்கத்தால் வகுத்தது, 1.56. வெறும் லிப்பிடு மட்டும் என்று வைத்துக்கொண்டால் வெளியடுக்கில் சுமார் 7,700, உள்ளடுக்கில் சுமார் 4,900. உண்மையான வெசிக்கிளில் புரதங்கள் நிறைய இடத்தை எடுத்துக்கொள்ளும், அது வேறு.

இதே கணக்கை 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள பெரிய வெசிக்கிளுக்குப் போட்டால் விகிதம் 1.0008. வித்தியாசமே இல்லை. லிப்பிடின் வடிவம் பெரிய செல்லின் வெளிச்சவ்வுக்கு ஒரு பொருட்டே இல்லாமல், சின்ன வெசிக்கிளுக்கு மட்டும் உயிர்ப் பிரச்சினை ஆவது இதனால்தான்.

சரி, அப்படியானால் வெசிக்கிள் உண்டாவதற்குக் காரணம் லிப்பிடின் வடிவம் என்று எழுதிவிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், உங்கள் மேல் அல்ல, இதை ஒரு வரியில் சொல்லி முடிக்கிற கைடுகள் மேல். எழுதலாம், பாதி மதிப்பெண் கிடைக்கும், பாதி உண்மைக்கு அது போதும்.

ஒரு சவ்வின் இரண்டு அடுக்கிலும் ஒரே கலவை இருந்தால் என்ன ஆகும்? மேலடுக்கு ஒரு பக்கம் வளையப் பார்க்கும், கீழடுக்கு அதற்கு நேர் எதிர்ப் பக்கம் வளையப் பார்க்கும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சவ்வு தட்டையாகவே நிற்கும். எத்தனை வளைந்த வடிவமுள்ள லிப்பிடைப் போட்டாலும் இதுதான் கதி. ஆகவே வடிவம் மட்டும் போதாது, இரண்டு அடுக்குக்கும் இடையே வித்தியாசம் வேண்டும். ‘எந்த லிப்பிடு’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் ‘எந்த அடுக்கில், எந்த இடத்தில், எந்த நேரத்தில்’ என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் செலவு. வளைவுக்கு ஆகும் ஆற்றலை 1973-இல் ஹெல்ஃப்ரிச் எழுதிக் காட்டினார். தட்டையாக இருக்க விரும்பும் சவ்வை ஒரு முழு உருண்டையாக மூட, அதன் விறைப்பு எண்ணைப் போல் 8 பை (π) மடங்கு ஆற்றல் தேவை. சாதாரண சவ்வின் விறைப்பு வெப்ப ஆற்றல் அலகில் சுமார் 20, ஆக மொத்தம் 500. வேடிக்கை என்னவென்றால் இது உருண்டையின் அளவைப் பொறுத்ததே அல்ல, 50 நானோமீட்டர் ஆனாலும் 50 மைக்ரோமீட்டர் ஆனாலும் அதே 500. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று உடைந்தால் கிடைப்பது சுமார் 20 அலகு. அப்படியானால் 25 ஏடிபி விலை. செல்லுக்கு இது பெரிய பணமல்ல, ஆனால் தானாக, சும்மா வெப்ப ஆட்டத்தில் நடந்துவிடக்கூடியதும் அல்ல. யாராவது தள்ள வேண்டும்.

தள்ளுகிறவை புரதங்கள். கூண்டு பின்னுகிற கிளாத்ரின், கோப் ஒன்று, கோப் இரண்டு உறைகள், வாழைப்பழம் போல வளைந்த பார் புரதங்கள், சார்1 மாதிரித் தன் சுருள் துண்டை ஒரே ஒரு அடுக்குக்குள் செருகி அந்த அடுக்கை மட்டும் விரித்துவிடுகிற புரதங்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: ஒரு பக்கம் மட்டும் இடம் பிடிப்பது என்றால், தலை பெருத்த லிப்பிடு செய்கிற அதே வேலையைப் புரதம் செய்கிறது. லிப்பிடின் வடிவம் தள்ளுகிறவனின் வேலையைச் சுலபமாக்கும் அல்லது கஷ்டமாக்கும். என் கணக்கில் அதன் பங்கு அதுதான், அது சின்னப் பங்கும் அல்ல.

‘கழுத்து’ என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறீர்களே, அதில் என்ன அவ்வளவு?

வெசிக்கிள் பிறக்கும்போது முதலில் மொட்டு விடும், பிறகு மொட்டுக்கும் தாய்ச் சவ்வுக்கும் நடுவே ஒரு கழுத்து சுருங்கும், கடைசியில் கழுத்து அறுந்து வெசிக்கிள் தனியாகும். படத்தில் இது ஒரே நிகழ்ச்சி மாதிரித் தெரியும். வடிவக் கணக்கில் இது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள்.

சைட்டோசால், அதாவது செல்லின் உள் திரவம் இருக்கிற பக்கம் மொட்டு விடுகிற வெசிக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டின் உச்சியில் சைட்டோசால் பக்க அடுக்குதான் வெளிப்பக்கம், அங்கே தலைகளுக்கு அதிக இடம், ஆக தலை பெருத்தவை அங்கே சௌகரியமாக இருக்கும். கழுத்துக்கு வாருங்கள். சுற்றளவில் பார்த்தால் அதே அடுக்கு வெளியே வளைந்திருக்கிறது, நீளவாக்கில் பார்த்தாலோ உள்ளே குழிந்திருக்கிறது. ஒரே புள்ளியில் இரண்டு திசைக்கும் எதிரெதிர் வளைவு. இன்னும் சுருங்கி, உட்பக்க அடுக்கு தனக்குத் தானே ஒட்டிக்கொண்டு, வெளியடுக்கு மட்டும் ஒரு நூலாகத் தொடுத்து நிற்கிற அந்தக் கடைசி நிலையில், அந்த நூலில் உள்ள சைட்டோசால் பக்க அடுக்குக்கு மொத்தத்தில் தலை சிறுத்த லிப்பிடுதான் வேண்டும். அதாவது பிஇ, பாஸ்பாடிடிக் அமிலம், டைஅசைல்கிளிசரால்.

ஆக ஒரே அடுக்கு, சில நானோமீட்டர் தள்ளித் தள்ளி, நேர் எதிரான வடிவத்தைக் கேட்கிறது. ‘வெசிக்கிள் உண்டாக எந்த வடிவ லிப்பிடு உதவும்’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லாமல் போவது இங்கேதான். உச்சியில் உதவுவது கழுத்தில் முட்டுக்கட்டை. புரதங்களைப் பிரித்து அனுப்புகிற செல் உறுப்பான கோல்ஜியில் டைஅசைல்கிளிசரால் போதாமல் போனால் மொட்டும் குழாயும் நீளும், ஆனால் அறுந்து தனியே போகாது.

பல கழுத்துகளை டைனமின் என்ற புரதம் வளையமாகச் சுற்றி, ஏடிபி போன்ற ஜிடிபியைச் செலவழித்து நெரிக்கிறது. இதில் கோளாறுள்ள ஒரு பழ ஈ வகை உண்டு. அறை 30 டிகிரி வாக்கில் சூடானால் நரம்பு முனையில் வெசிக்கிள் அறுபடாமல் மொட்டிலேயே நின்று, ஈ முடங்கி விழும். ஆறினால் எழுந்து பறக்கும். நம் ஊர் ஏப்ரலில் அந்த ஈ எழுந்திருக்கவே போவதில்லை.

லிப்பிடின் வடிவத்தைச் செல் நினைத்தபோது மாற்ற முடியுமா?

முடியும், இரண்டு வழியில். ஒன்று, நொதி வைத்து வெட்டுவது. பாஸ்போலிபேஸ் ஏ2 ஒரு வாலை வெட்டினால் உருளை லிப்பிடு தலை பெருத்ததாகிவிடும். பாஸ்போலிபேஸ் டி தலையை நறுக்கினால் அதே உருளை, தலை சிறுத்த பாஸ்பாடிடிக் அமிலமாகும். ஒரே மூலப்பொருளிலிருந்து இரண்டு எதிர் வடிவமும், சில நொடிகளில், தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

இந்த முதல் நொதி எங்கே ஏராளமாகக் கிடைக்கும் தெரியுமா? கண்ணாடி விரியன் விஷத்தில். கேரளத்தில் அணலி என்பார்கள். அந்த நொதி செய்கிற லைசோ லிப்பிடு அளவு மீறிச் சேர்ந்தால் சவ்வு வளைவதோடு நிற்காது, கிழிந்துபோகும். ரத்தச் சிவப்பணு உடைவதில் இதற்குப் பங்கு உண்டு. செல் கொஞ்சமாகச் செய்து பயன்படுத்துகிற கருவியையே பாம்பு மொத்தமாகக் கொட்டுகிறது.

இரண்டாவது வழி, அடுக்கு மாற்றுவது. லிப்பிடு தன் அடுக்குக்குள் ஓடி விளையாடும், ஆனால் தானாகக் குட்டிக்கரணம் போட்டு மறு அடுக்குக்குப் போக மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு ஆகும். ஃபிளிப்பேஸ் புரதங்கள் ஏடிபி செலவில் பிஇ-யையும் பாஸ்பாடிடைல்செரினையும் சைட்டோசால் பக்கத்துக்கு இழுத்துவிடும். அந்தப் பக்கம் லிப்பிடு எண்ணிக்கை கூடினால் அந்த அடுக்குக்கு இடம் போதாமல் சவ்வே அந்தப் பக்கம் புடைக்கும். ஈஸ்டில் டிஆர்எஸ்2 என்ற ஃபிளிப்பேஸ் இல்லாவிட்டால் கோல்ஜியிலிருந்து சில வகை வெசிக்கிள்கள் கிளம்புவதே தடைப்படுகிறது. சிவப்பணுவை வைத்து ஷீட்ஸும் சிங்கரும் 1974-இல் சொன்னதும் இதே தர்க்கம்தான்: வெளியடுக்கில் மட்டும் சேர்கிற மருந்து செல்லை முள்முள்ளாக்கும், உள்ளடுக்கில் சேர்வது குழிக் கிண்ணமாக்கும்.

ஈ. கோலையில் பிஇ செய்யும் மரபணுவையே நீக்கிவிட்டாலும் அது பிழைக்கும், மெக்னீசியமோ கால்சியமோ தாராளமாகக் கொடுத்தால். அந்த அயனிகள் கார்டியோலிப்பினின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, அதைத் தலை சிறுத்ததாக்கி, பிஇ-யின் இடத்தை நிரப்பிவிடுகின்றன. செல்லுக்கு வேண்டியது பிஇ அல்ல, பிஇ-யின் வடிவம்தான் என்று இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் சொல்லி நான் பார்த்ததில்லை.

வளைந்த இடத்தைத் தேடி அதற்கேற்ற லிப்பிடு தானாகவே ஓடிப்போய்ச் சேருமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒற்றை லிப்பிடு மிகச் சிறியது, வளைந்த இடத்தில் உட்காருவதால் அதற்குக் கிடைக்கும் லாபம் வெப்ப ஆட்டத்தை மிஞ்சுவதில்லை. அதனால் தனித்தனியாக ஓடிச் சேர்வது ரொம்ப மந்தம். கலவை பிரிகிற விளிம்பில் இருக்கும்போது, அல்லது புரதம் ஒரு கூட்டத்தையே பிடித்து இழுக்கும்போதுதான் பிரிப்பு பளிச்சென்று தெரியும்.

தலைகீழாக வேண்டுமானால் நடக்கும்: இறுக்கமாக வளைந்த வெளியடுக்கில் தலைகளுக்கு இடையே விரிசல்கள் திறக்கும், அதை மோப்பம் பிடித்து வந்து ஒட்டுகிற புரதங்கள் உண்டு. ஆர்ஃப்காப்1 அப்படிப்பட்டது.

கள்ளில் உள்ள ஈஸ்டுக்கும் நோபல் பரிசுக்கும் என்ன தொடர்பு என்று வகுப்பில் ஒருவன் கேலி செய்தான்.

கேலி அல்ல, நிஜம். நம் சித்தூர்த் தோப்புகளில் இறக்குகிற தெங்கங்கள்ளைப் புளிக்க வைப்பதில் முதல் கை சாக்கரோமைசிஸ் செரிவிசியே. அதே இன ஈஸ்டில்தான் ராண்டி ஷெக்மேன், பீட்டர் நோவிக்கோடு சேர்ந்து 1979-இலிருந்து ‘செக்’ திரிபுகளை, அதாவது புரதத்தை வெளியே அனுப்ப முடியாத ஈஸ்டுகளைப் பிடித்தார். 37 டிகிரியில் வைத்தால் செல்லுக்குள் வெசிக்கிள்களோ மற்ற சவ்வுப் பைகளோ போக வழியில்லாமல் குவிந்துபோகும். எந்த மரபணு கெட்டால் எந்த இடத்தில் குவிகிறது என்று பார்த்துப் பார்த்து முழுப் பாதையையும் வரைந்தார்கள். 2013-இல் மருத்துவ நோபல், ஜேம்ஸ் ராத்மேன், தாமஸ் சூட்ஹாஃப் இருவரோடும் பங்கிட்டு.

கொலஸ்ட்ரால் எந்தப் பக்கம்?

தலை ஒரே ஒரு ஓஎச், உடம்பு தடித்த வளையங்கள். ஆக தலை சிறுத்த பக்கம். ஆனால் நிறைவுற்ற வால்களோடு சேர்ந்தால் சவ்வை விறைப்பாக்கவும் செய்யும், ஆகவே வளைவுக்கு உதவுமா தடுக்குமா என்பதற்குக் கலவையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. மற்ற லிப்பிடுகள் போல் அல்லாமல் இது அடுக்கு விட்டு அடுக்கு வேகமாகத் தாவும், அதனால் அவசரத்துக்கு இட நெருக்கடியைச் சமன் செய்ய நல்ல ஆள்.

மத்தி மீன் தின்றால் மூளைக்கு நல்லது என்பதும் இதுதானா?

மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலத்துக்கு ஆறு இரட்டைப் பிணைப்பு. நரம்பு முனைச் சவ்வில் இது நிறைய. இத்தகைய வால்கள் உள்ள சவ்வு சுலபமாக வளையும், டைனமின் அதைச் சீக்கிரம் அறுக்கும் என்று சோதனைக் குழாயிலும் செல்லிலும் காட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து மத்திக் குழம்புக்கும் பரீட்சை மதிப்பெண்ணுக்கும் தாவுவது உங்கள் பொறுப்பு.

பாலில் மிதக்கிற கொழுப்புத் துளியும் வெசிக்கிள்தானே?

இல்லை. வெசிக்கிளின் உள்ளே தண்ணீர், கொழுப்புத் துளியின் உள்ளே கொழுப்பு. மடிச் செல்லுக்குள் அது முதலில் ஒற்றை அடுக்கு போர்த்தியிருக்கும், வெளியே வரும்போது செல்லின் ஈரடுக்கையும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வரும். சொஸைட்டியில் கொழுப்புச் சதவீதம் பார்த்துத் தருகிற காசு அதன் உள்ளே இருப்பதற்குத்தான், போர்வைக்கு அல்ல.

சைட்டோசால் பக்கம் இல்லாமல், எதிர்த் திசையில் மொட்டு விடுவதும் உண்டா?

உண்டு. செல் விழுங்கியது போய்ச் சேருகிற பையான எண்டோசோமின் உள்ளே விழுகிற சிறு வெசிக்கிள்கள் சைட்டோசாலை விட்டு விலகி மொட்டு விடுகின்றன. பெரும்பாலும் எஸ்கார்ட் புரதங்கள் கழுத்தை உள்ளிருந்து இறுக்கும். சில செல்களில் செராமைடே அந்த வேலையைத் தூண்டுகிறது: ஸ்பிங்கோமையலினின் தலையை வெட்டினால் உருளை, தலை சிறுத்ததாக மாறும். எக்சோசோம்கள், அதாவது செல் வெளியே விடுகிற சிறு வெசிக்கிள்கள், பிறக்கிற ஒரு வழி இது.

லிப்பிடு வடிவம் வெசிக்கிள் ஒட்டுவதிலும் வேலை செய்யுமா?

செய்யும். இரண்டு சவ்வு சேரும்போது முதலில் எதிரெதிரே உள்ள அடுக்குகள் மட்டும் இணைந்து ஒரு தண்டு உண்டாகும். அது கழுத்து அறுபடும்போது வருகிற அதே உருவம்தான், படத்தைப் பின்னோக்கி ஓட்டியதுபோல. அதனால் அங்கேயும் தலை சிறுத்தவை உதவும், லைசோ பிசி-யை வெளியிலிருந்து சேர்த்தால் இணைப்பு நின்றுவிடும். லைசோவைக் கழுவி எடுத்தால் திரும்பவும் இணையும்.

கொரோனா ஊசியில் லிப்பிடு இருந்தது என்கிறார்களே, நாம் போட்டதிலுமா?

நம்மில் பெரும்பாலானோர் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். முதலாவது அடினோவைரஸ், இரண்டாவது செயலிழக்கச் செய்த வைரஸ். இரண்டிலும் லிப்பிடு நுண்துகள் இல்லை. அமெரிக்கா, ஐரோப்பாவில் போட்ட எம்ஆர்என்ஏ ஊசிகளில்தான் அது. இந்தியாவில் புனே ஜென்னோவாவின் எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2022-இல் அவசர அனுமதி கிடைத்தது.

அந்தத் துகளில் வடிவத் தந்திரம் அழகானது. ஊசிக்குழலில் இருக்கும்போது அந்த லிப்பிடுக்கு மின்னூட்டம் இல்லை. செல் விழுங்கிய பின் எண்டோசோமின் அமிலத்தில் அது நேர் மின்னூட்டம் பெற்று, எண்டோசோம் சவ்வின் எதிர் மின்னூட்ட லிப்பிடோடு ஜோடி சேரும். அந்த ஜோடியின் தலை சிறியது, வால்கள் விரிந்தவை. அந்த இடத்தில் ஈரடுக்கு நிலைகுலைந்து, உள்ளே இருக்கிற ஆர்என்ஏ வெளியே வந்துவிடும்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு லிபோசோம், அதாவது கையால் செய்த வெசிக்கிள், அறிமுகமானது வேறு விதத்தில். 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது தட்டுப்பாடு என்று செய்தி வந்ததே, லிபோசோமல் ஆம்போடெரிசின் பி, அது லிப்பிடுக்குள் வைத்த மருந்துதான்.

வீட்டில் இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

செல்லுக்குள் இருக்கிற வெசிக்கிளைப் பார்க்க முடியாது, சாதா நுண்ணோக்கிக்கு அது எட்டாத சிறுமை. ஆனால் சவ்வு தானாகக் கட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். மருந்துக்கடையில் சோயா லெசித்தின் கிடைக்கும். மாத்திரையைக் குத்தி ஒரு பொட்டு அளவு கண்ணாடித் தகட்டில் இழுகி, மேலே மூடுதகடு வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கல்லூரி நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்ஸ் போதும். தண்ணீர் தொட்ட விளிம்பிலிருந்து விரல் விரலாகக் குழாய்கள் நீண்டு வரும், வளையும், சுருளும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். உயிருள்ள புழு என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஒவ்வொரு விரலும் அடுக்கடுக்காக ஈரடுக்குகள் சுற்றிய குழாய். மயலின் உருவங்கள் என்பார்கள், வீர்ஷோ 1854-லேயே பார்த்துவிட்டார். மாத்திரையில் எண்ணெய் கலந்திருந்தால் மந்தமாக வரும், குருணையாகக் கிடைக்கிற லெசித்தின் நல்லது.

அடுத்து சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒற்றை வால், தலை பெருத்த மூலக்கூறு உள்ளே நுழைந்ததும் குழாய்கள் கரைந்து மிசெல்லாகப் போய்விடும். 2018-இல் நிபா வந்தபோதும் அப்புறம் கொரோனாவிலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்றதற்குப் பின்னால் இருப்பது இதே காட்சி, இரண்டு வைரஸுக்கும் லிப்பிடு உறை உண்டு.

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு டிபிபிசி வைத்து லிபோசோம் செய்தேன் அண்ணா, கட்டி கட்டியாக அடியில் தங்குகிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் சூடு போதவில்லை. டிபிபிசி ஒரு வகை பிசி, அதன் இரண்டு வாலும் நிறைவுற்றவை, 41 டிகிரிக்குக் கீழே அது விறைத்த ஜெல் நிலை. குளிர்ந்த ஏசி அறையில் தண்ணீர் ஊற்றினால் படலம் வீங்காது. தண்ணீரையும் குடுவையையும் 50 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள், குலுக்கும்போதும் அந்தச் சூடு இறங்கக் கூடாது. 100 நானோமீட்டர் துளை வடிகட்டியில் தள்ளும்போதும் கருவியைச் சூடாகவே வையுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டி கிழியும். முட்டை பிசி வைத்துச் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது பூஜ்யத்துக்குக் கீழேயும் நெகிழ்ந்தே இருக்கும். ஆனால் அதன் இரட்டைப் பிணைப்புகள் காற்றில் சிதையும், குளோரோஃபார்ம் கரைசலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.